பூமியின் கடைசிபரியந்தமும் மேல்மாடியும்

ஞானாம்பிகை சிவப்பாக இருந்த காலத்தில், ஆள் வராத ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவளுக்கு இருந்ததில்லை.

சிவப்பு என்றால் தோலின் நிறமல்ல, கட்சியுமல்ல. மொன்றியாலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடந்துவந்த ‘கடைசிபரியந்த ஜெப ஊழியம்’ மனித குலத்தை மூன்று நிறமாகப் பிரித்து வைத்திருந்தது. நற்செய்தி எட்டாதவர்கள் சிவப்பு. எட்டிக்கொண்டிருப்பவர்கள் மஞ்சள். எட்டி முடிந்தவர்கள் பச்சை. பூமியின் கடைசிபரியந்தமும் போகவேண்டும் என்பது வேதத்தில் இருந்தது. நிறங்களைச் சேர்த்தவன் றொக்சன். அவன் ஊழியத்தின் கணினிப் பொறுப்பாளன். தலைமையகமும் அந்த நிறங்களை ஏற்றுக்கொண்டிருந்தது.

ஞானாம்பிகைக்கு ஐம்பத்தேழு வயது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற சமையற்கூடத்தில் விடியற்காலை வேலை. கணவர் நகுலேஸ்வரன் ஒரு மாசி மாதம் காரின்மேல் கிடந்த பனியை வழித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சனம் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவோடு கலைந்துபோனது. புரட்டாசியில், தட்டு அடுக்கும் வரிசையில் பக்கத்தில் நின்ற ஒருத்தி, இரக்கப்பட்டு, அவளுடைய பெயரையும் முகவரியையும் ஊழியத்துக்குக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு செயின்ட்-மிஷேலில் இருந்த அவளுடைய வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு சகோதரிகள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு மூன்று பேர். படிக்கட்டின் பனியை வழித்தார்கள். கண் டொக்டரிடம் கூட்டிப்போனார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வந்தது. நகுலேஸ்வரன் இருந்த காலத்தில்கூட அவளுக்கு ஒருவரும் கேக் வெட்டியதில்லை. எட்டு மாதம் இப்படிப் போனது. ஒன்பதாம் மாதம் அவள் முழு மனதோடு ஞானஸ்நானம் எடுத்தாள். பாஸ்டர் அருமைநாதன் அவளுக்கு எலிசா என்று பெயர் வைத்தார். றொக்சன் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, பெரிய திரையில் எல்லோரும் பார்க்க, அவளுடைய கட்டத்தைப் பச்சையாக்கினான். மண்டபம் கைதட்டியது.

வந்த ஞாயிறு அவள் ஆறு பேருக்கு வடை சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. பனியாக்கும் என்று நினைத்தாள். அது ஆனி மாதம்.

மூன்று கிழமை பொறுத்து, சகோதரிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜென்சியிடம் கேட்டாள்.

“அக்கா, நீங்கள் இப்ப பச்சை,” என்றாள் ஜென்சி. குரலில் அன்புக்குக் குறைவில்லை. “பச்சையாக்களிட்டை நாங்கள் போறேல்லை. போனா சிவப்பாக்களுக்கு நேரம் காணாது. நீங்கள் இனி வாங்கிற ஆளில்லை, குடுக்கிற ஆள்.”

கொடுப்பதற்கு அவளுக்கு ஒரு அரை மணித்தியாலம் தரப்பட்டது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரையிலிருந்து நாலு. அந்த வரிசைக்கு, உடைந்த மதிலின் திறப்பில் நின்று மன்றாடுகிறவனைப் பற்றிய வேதவசனத்தை வைத்து, ‘திறப்பில் நிற்போர்’ என்று பெயர். ஊழியம் ஆண்டுக்கு ஒரு ஜனக்கூட்டத்தைத் தத்தெடுத்து, இரவும் பகலும் இடைவெளி விடாமல், ஆள் மாற்றி ஆள் ஜெபிக்கும். பக்கத்து ஊரான லாவாலில் இருந்த இன்னொரு சபை குதிரை மேய்க்கிற ஜனத்தை முந்திக்கொண்டு எடுத்துவிட்டதால், அருமைநாதன் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆபிரிக்காவில் மாடு மேய்க்கிற ஃபுலானிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். முஸ்லிம்கள். கோடிக்கணக்கான பேர். வரைபடத்தில் செக்கச்செவேல் என்று இருந்தார்கள்.

“குதிரை எங்களுக்குப் பழக்கமில்லை,” என்று பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார். “மாடு எங்கடை சனத்துக்கு விளங்கும். கர்த்தர் எங்கடை அளவுக்குத்தான் பாரம் தருவார்.”

ஃபுலானிகளைப் பற்றிய தாள் ஒன்று எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. கூம்பு வைத்த ஓலைத்தொப்பியோடு ஒரு மனிதன், தோளுக்குக் குறுக்கே கம்பு, பின்னால் நீளக் கொம்பு மாடுகள். கீழே, ‘விருந்தோம்பல் மிக்கவர்கள். அணுகுவது கடினம்.’ ஞானாம்பிகை அதைக் குளிர்சாதனப்பெட்டியில் காந்தத்தால் ஒட்டி, செவ்வாய்தோறும் அதன்முன் முழந்தாளிட்டாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்த ஆட்களில் ஒருவருக்காவது பெயர் இருந்தால் நல்லது என்று ஜென்சியிடம் கேட்டுப் பார்த்தாள். பெயர் வந்தால் அது சொந்த விண்ணப்பமாகிவிடும், ஜனக்கூட்டத்துக்கான ஜெபம் பலவீனப்படும் என்று பதில் வந்தது. ஆகவே அவள் மாடுகளின் குளம்புக்காக ஜெபித்தாள். கல்லும் முள்ளும் நிறைந்த இடம் என்று தாளில் போட்டிருந்தது.

ஜெபம் முடிந்ததும் தொலைபேசியில் படிவம் நிரப்பவேண்டும். ஜெபித்த நிமிடங்கள். பாரத்தின் ஆழம், அதாவது மனம் அவர்களுக்காக எவ்வளவு கனத்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள். கண்ணீர், ஆம் அல்லது இல்லை. முதல் கிழமை அவள் ‘ஆம்’ என்று போட்டுவிட்டு, நேர்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக, ‘ஆனால் அவர்களுக்காக அல்ல’ என்று பக்கத்தில் எழுதினாள். றொக்சனிடமிருந்து உடனே பதில் வந்தது: ‘கண்ணீருக்குக் காரணம் கேட்கப்படவில்லை.’

ஐப்பசியில் மேல்மாடிக்கு ஒரு பெண் குடிவந்தாள். தலையை மூடிக் கட்டியிருப்பாள். நாற்பது வயதிருக்கும், நெடிய உருவம். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. பெயர் ஐசாத்து. வந்த மூன்றாம் நாள், தன் காலடிச் சத்தம் கீழே தொந்தரவாக இருந்தால் மன்னிக்கவேண்டும் என்று சொல்ல ஒரு கிண்ணத்தில் தயிரும் சோளக் குறுணலும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஐசாத்துவின் பிரெஞ்சு ஆறுபோல ஓடியது. ஞானாம்பிகையின் பிரெஞ்சு அரசாங்க வகுப்பில் எட்டு மாதம் படித்தது. அதில் வினைச்சொற்கள் குறைவு. இருந்தாலும் தயிருக்கு வினைச்சொல் தேவைப்படவில்லை.

தொந்தரவில்லை என்று ஞானாம்பிகை சொன்னாள். அது உண்மை. மேலே ஒருவர் நடக்கிற சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அவள், துணைக்கு இரவெல்லாம் ஓடவிடும் வானொலியை நிறுத்திவிட்டு நித்திரை கொள்ளப் பழகியிருந்தாள்.

கிண்ணத்தைக் கழுவித் தரும்வரை நின்ற ஐசாத்து, குளிர்சாதனப்பெட்டியில் இருந்த தாளைப் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“இது நாங்கள்,” என்றாள்.

ஞானாம்பிகைக்கு விளங்கவில்லை.

“பெல். நாங்கள் பெல். கினியில் இருந்து வந்தவர்கள். இங்கிலிஷ்காரர் ஃபுலானி என்பார்கள்.” அவள் ஓலைத்தொப்பி மனிதனில் விரலை வைத்தாள். “என் தகப்பனுக்கு இப்படி ஒரு தொப்பி இருந்தது. நாங்கள் ஏன் உன் வீட்டில் ஒட்டியிருக்கிறோம்?”

ஞானாம்பிகைக்கு முகம் சுட்டது. ஒருவருடைய பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்றதுபோல இருந்தது. இருக்கிற சொற்களைக் கோத்துச் சொன்னாள். நான் ஜெபம். உனக்கு. செவ்வாய், மூன்றரை.

ஐசாத்து கோபிக்கவில்லை. யோசித்தாள். “என்ன கேட்கிறாய்?”

“மாட்டின் கால்.”

“எனக்கு மாடு இல்லை,” என்றாள் ஐசாத்து. “எனக்கு இரண்டு பிள்ளைகள். ஊரில், லாபேயில், என் தாயிடம். அவர்களை இங்கே கூப்பிடக் குடிவரவுக்குக் கடதாசி போட்டு மூன்று வருஷம். கேட்பதென்றால் அந்தக் கடதாசியைக் கேள்.” போகும்போது கதவடியில் நின்று, “செவ்வாய் மூன்றரைக்கு நான் வீட்டில்தான். மேலே வா,” என்றாள்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை மேல்மாடிக்குப் போனது. ஐசாத்து தன் பாயில் பின்னேரத் தொழுகையை முடிப்பாள். ஞானாம்பிகை குசினி மேசையில் கண்ணை மூடிக் கடதாசியைக் கேட்பாள். பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்பார்கள். பிள்ளைகளின் படம் பார்ப்பார்கள். பேசுவதற்குச் சொற்கள் தீர்ந்துபோனால் சும்மா இருப்பார்கள். வேறு ஒருவரோடு சேர்ந்து சும்மா இருக்கிறது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஞானாம்பிகை மறந்தே போயிருந்தாள்.

படிவத்தில் அவள் உள்ளதை எழுதினாள்: ‘ஒரு ஃபுலானியோடு தேத்தண்ணி. அவவின் பிள்ளைகளின் கடதாசிக்காக ஜெபம்.’

ஜென்சி அன்றைக்கே அழைத்தாள். “அக்கா, படிவம் திரும்பி வந்திட்டுது. கடதாசி விஷயம் தனிப்பட்ட விண்ணப்பம். அதுக்கு வேறை படிவம்.”

“அவ ஃபுலானியெல்லோ?”

“இருக்கலாம். ஆனா எங்கடை ஃபுலானியள் ஆபிரிக்காவிலை இருக்கினம். மொன்றியாலிலை இருக்கிறவை எங்கடை வரைபடத்திலை வராயினம். தூரத்துக்குத்தான் அக்கா ஊழியம். பக்கத்திலை இருக்கிறவைக்கு என்னத்துக்கு ஊழியம், அது சும்மா பழக்கவழக்கம்.”

மாசியில் ‘மேய்ப்பர் ஞாயிறு’ அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னோட்டமாக நாற்பது நாள் பாலுபவாசம். ஃபுலானிகள் பாலில் வாழ்கிறவர்கள் என்பதால், அவர்களோடு ஐக்கியப்படும்படி, சபையில் ஒருவரும் பால் தொடக்கூடாது. இரண்டு பேர் இதை விளங்காமல் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்காகவும் ஜெபிக்கப்பட்டது.

ஞானாம்பிகை இதை மேலே போய்ச் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டாள். நூற்றிருபது பேர் உங்களுக்காக ஒரு வருஷமாக ஜெபிக்கிறார்கள், இந்த ஞாயிறு பெரிய கூட்டம் என்று. ஐசாத்து கோப்பையை மேசையில் வைத்தாள்.

“நூற்றிருபது பேர் எனக்காக வேலை மினக்கெட்டிருக்கிறார்கள்,” என்றாள். “நான் போய் நன்றி சொல்லாமல் இருந்தால், என்னை வளர்த்தவர்களுக்கு மரியாதை இல்லை.”

இரண்டு மெற்றோ மாறி, ஒரு நீண்ட பஸ் பிடித்து, இரண்டு பேரும் பியர்பொன்ட்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஐசாத்து நீலத்தில் வெள்ளிப்பூப் போட்ட நல்ல உடுப்பு உடுத்திருந்தாள். மடியில் பெரிய கிண்ணம் நிறையத் தயிரும் குறுணலும்.

மண்டப வாசலில் றொக்சன் மடிக்கணினியோடு இருந்தான். கட்டில் விரிப்பைச் சுற்றி, ஒட்டுத்தாடி வைத்து, தலையில் வேறு ஏதோ பாலைவனத்துக்குரிய முண்டாசு கட்டியிருந்தான். புதியவர்கள் எந்த ஜனக்கூட்டம் என்று பதிந்துதான் உள்ளே விடவேண்டும்.

“இவ ஃபுலானி,” என்றாள் ஞானாம்பிகை.

ஜென்சி அவளுடைய கையை மெல்லப் பிடித்தாள். “அக்கா, ஜெபத்திலை ஆழமாப் போனா எல்லாரும் ஃபுலானி மாதிரித்தான் தெரிவினம். எனக்கும் போன கிழமை பஸ்சுக்கை தெரிஞ்சுது.”

றொக்சன் முறைப்படி ஐசாத்துவையே கேட்டான். “பெல்,” என்றாள் ஐசாத்து. அவன் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான். பெல் என்று ஒரு ஜனம் இல்லை. ‘ஏனையோர்’ என்று ஒரு சிட்டை எழுதி அவளுடைய நீல உடுப்பில் ஒட்டிவிட்டான்.

கிண்ணத்தை ஐசாத்து இரண்டு கையாலும் நீட்டினாள். ஜென்சி மூடியைத் திறந்து பார்த்து, பாம்பைக் கண்டதுபோல மூடினாள். “பால் சாமான். இண்டைக்கு உபவாசத்தின்ரை கடைசி நாள். சொல்லிவிடுங்கோ, பேந்து ஒரு நாளைக்கு எண்டு.”

உள்ளே சேலைகளால் கூடாரம் போட்டிருந்தது. ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அட்டைக் கொம்பு கட்டி மாடுகளாகியிருந்தார்கள். முன்வரிசை நடுவில், பூமாலை போட்டு, ஒரு வெறும் கதிரை. ஐசாத்துவுக்கு முழங்கால் வலி. வேறு இடமும் கண்ணில் படவில்லை. அவள் போய் அந்தக் கதிரையில் இருந்தாள்.

கணத்துக்குள் இரண்டு தொண்டர்கள் வந்தார்கள். அதில் இருக்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் தாழ்மையாகச் சொன்னார்கள். பிறகு ஞானாம்பிகையிடம் தமிழில் விளக்கினார்கள். “அது ஃபுலானியின்ரை கதிரை. அவை இன்னும் வரேல்லை எண்டதைக் காட்ட வெறுமையா இருக்கவேணும். ஆரும் இருந்தா கருத்துக் கெட்டுப்போம்.”

ஐசாத்து எழும்பினாள். பின்வரிசையில், குளிர் அங்கிகள் தொங்கவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது.

மாடுகள் கத்தின. றொக்சன் கம்பை ஊன்றிக்கொண்டு பாலைவனத்தில் தவித்தான். பாஸ்டர் அருமைநாதன் வெறும் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். நல்ல குரல் அவருக்கு. “ஆண்டவரே, ஒரு வருஷமாய் இந்தக் கதிரை காத்திருக்கிறது. ஒரே ஒரு ஃபுலானியை எங்கள் கண்கள் காணாதா? ஒரே ஒருவரை இந்த மண்டபத்துக்குள் கொண்டுவர உமக்கு எவ்வளவு நேரம்?” அவர் அழுதார். பொய்யாக அழவில்லை. மண்டபமே விம்மியது. றொக்சன் ஒட்டுத்தாடிக்கு மேலாகக் கண்ணைத் துடைத்தான்.

முடிவில் ஐசாத்து நன்றி சொல்வதற்காகக் கையை உயர்த்தினாள். சாட்சி சொல்வதென்றால் ஒரு கிழமைக்கு முன் பதியவேண்டும் என்று சிட்டை பார்த்துச் சொன்னார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் காற்று வெட்டியது. ஐசாத்து கிண்ணத்தை மடியில் வைத்திருந்தாள். பஸ்சுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அவள் மூடியைத் திறந்து, கைப்பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஞானாம்பிகையிடம் கொடுத்தாள். ஒரே கரண்டியால் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். தயிர் உறைந்து பல்லில் கூசியது.

“அந்த மனிதன் ஏன் அழுதான்?” என்றாள் ஐசாத்து.

“ஒருவர் வரவில்லை என்று.”

“பாவம்,” என்றாள் ஐசாத்து. “முக்கியமான ஆளாக்கும்.”

ஞானாம்பிகை கரண்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

புதன்கிழமை றொக்சன் தலைமையகத்துக்கு ஆண்டறிக்கை நிரப்பினான். ‘உங்கள் ஜனக்கூட்டத்தின் வேறு பெயர்கள்’ என்ற கட்டத்தைத் தொட்டதும் ஒரு பட்டியல் விழுந்தது. ‘பெல்’ என்ற மூன்றாவது பெயரில் அவனுடைய விரல் நின்றுவிட்டது. பாஸ்டர் அருமைநாதன், பச்சையான ஒரு ஆளுக்குத் தாமே தொலைபேசி எடுத்தது ஊழியத்தின் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

“சிஸ்டர் எலிசா, சனிக்கிழமை பின்னேரம் உங்கடை வீட்டுக்கு வாறம்.”

பதினொரு பேர் வந்தார்கள். வாசலில் சப்பாத்துகள் படிவரை நிறைந்தன. ஞானாம்பிகை விடியவே எழும்பி உழுந்து அரைத்திருந்தாள். கேக்கும் வாங்கியிருந்தாள். கட்டிலிலும் கதிரையிலும் நிலத்திலுமாக அவர்கள் நெருங்கி இருந்ததை அவள் குசினி வாசலில் நின்று எண்ணிப் பார்த்தாள். எதற்கு வந்தார்கள் என்று தெரிந்திருந்தும் இன்னொரு தரம் எண்ணினாள். ஒருத்தி குசினிக்குள் வந்து, “அக்கா, நான் ரீ ஊத்திறன், நீங்கள் இருங்கோ,” என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வேறொருவர் கையால் தேத்தண்ணி.

“சிஸ்டர்,” என்றார் பாஸ்டர், “பதினொரு வருஷ ஊழியம். எத்தினை ஜனக்கூட்டத்துக்கு ஜெபிச்சிருக்கிறம். அறிக்கையிலை தொடர்பு எண்டொரு கட்டம் இருக்கு. எல்லா வருஷமும் பூச்சியம். ஒண்டு இருந்தாக் காணும். ஒரு ஆள். தலைமையகம் எங்கடை முழு வரைபடத்தையும் மஞ்சளாக்கும். அந்தச் சகோதரியை நாங்கள் கையிலை தாங்குவம். கிழமைக்குக் கிழமை ஆள் போகும், சாப்பாடு போகும், அந்தக் கடதாசிக்கும் ஒரு வக்கீலோடை கதைப்பம். எட்டு மாதத் திட்டம்.”

“எட்டு மாதத்துக்குப் பிறகு?” என்றாள் ஞானாம்பிகை.

“பிறகு பச்சை.”

“பச்சைக்குப் பிறகு?”

இந்தக் கேள்வியை ஒருவரும் பாஸ்டரிடம் கேட்டதில்லை. “பச்சைக்குப் பிறகு ஒண்டுமில்லை, சிஸ்டர். அதுதானே பச்சை.”

ஜென்சி முன்னால் நகர்ந்தாள். “அதுவரைக்கும் சனிக்கிழமையிலை எல்லாரும் இஞ்சைதான் அக்கா கூடுவம். அவ இந்தப் பக்கத்திலை எங்கையோதானே, உங்கடை வீடுதான் கிட்ட.”

ஞானாம்பிகை வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படிக் கிடக்கும். வக்கீல் என்றும் சொன்னார்கள். ஒருவேளை உண்மையாகவே கதைப்பார்கள். ஒருவேளை அந்தப் பிள்ளைகள் வருவார்கள். பிறகு ஒரு ஞாயிறு ஐசாத்து நல்ல உடுப்பு உடுத்து, பெரிய கிண்ணம் நிறைய ஏதோ வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி இருப்பாள். அந்த வக்கீலை, சபை இல்லாமல், தானே தேடிப் பிடிக்கமுடியாதா என்று ஞானாம்பிகை யோசித்தாள். தட்டு அடுக்குகிற இடத்தில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

“அவ போயிட்டா,” என்றாள். “ரொறொன்ரோவுக்கு. முகவரி தரேல்லை.”

அப்போது தலைக்கு மேலே காலடி கேட்டது. குசினியிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து யன்னலுக்கு. பதினொரு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“மேலை ஆர்?” என்றார் பாஸ்டர்.

“கெயிட்டி ஆக்கள்.”

றொக்சன் கணினியைப் பாராமலே சொன்னான். “கெயிட்டி பச்சை.”

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆறுவதற்கிடையில் தேத்தண்ணியைக் குடித்தார்கள். ஒருவர் ஜெபம் பண்ணினார். தூரதேசத்து ஃபுலானிகளை நினைத்தருளும்படி கேட்டார். அங்கிகளை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். சப்பாத்துகளைத் தேடி எடுப்பதில் கொஞ்ச நேரம் போனது. பிறகு மூன்று கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும் சத்தம்.

ஞானாம்பிகை கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஐசாத்து வேலைக்குப் போகிற உடுப்பில் நின்றாள், தோளில் பை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கேக் மிச்சம், வடைத் தட்டு, கட்டிலில் கசங்கிய விரிப்பு, நிலமெல்லாம் தலையணை.

“எவ்வளவு சனம்,” என்றாள். “படியால் இறங்கினதை யன்னலால் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. எனக்கு இந்த ஊரில் அப்படி ஒருவரும் இல்லை. நீ அதிர்ஷ்டக்காரி.”

“வுய்,” என்று பிரெஞ்சில் ஆமாம் சொன்னாள் ஞானாம்பிகை.

ஆறு வடையைத் தாளில் சுற்றி அவளுடைய பைக்குள் வைத்தாள். ஐசாத்துவுக்கு பஸ்சுக்கு நேரமாகியிருந்தது. அவள் படியால் இறங்குவதும், வெளிக்கதவு சாத்துவதும் கேட்டது. அதன்பிறகு மேலேயும் சத்தமில்லை, கீழேயும் இல்லை. ஞானாம்பிகை போய் வானொலியைப் போட்டாள்.